இரண்டு நிமிடம் என்று சொன்னேன்

மார்ச் 4, செவ்வாய்

ஒரு வாரம் வாயைத் திறக்கக் கூடாதாம். தொண்டை புண்ணாகியிருக்கிறதாம். கம்பெனி டாக்டர் இதைச் சொன்னதும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததே, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். இருபத்திரண்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவருக்கு இப்படி ஒரு பரிசு கிடைத்ததில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் பாட்டு முணுமுணுத்தார்.

திட்டாமல் என்னால் இருக்க முடியாது. அதனால் எழுதித் திட்டப்போகிறேன். இது நான் பொறுப்பாக இருக்கும் லாண்டரியில் மிஞ்சிய கறை நோட்டு. எந்த ஓட்டல் விரிப்பில் என்ன கறை வந்தது என்று குறித்துவைப்பதற்காக நான்தான் வாங்கச் சொன்னேன். சூப்பர்வைசர் வாங்கிக் கொடுத்துவிட்டு, இதெல்லாம் எதுக்குங்க என்று கேட்டார். இதற்குத்தான்.

நடந்ததை ஒருமுறை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். பிப்ரவரி 24, காலை பத்து மணி. வாஷர்களுக்குப் பின்னால் கெமிக்கல் ரூம். ஜன்னல் கிடையாது, விசிறி ஒன்று இருக்கிறது, ஆறு மாதமாக அலங்காரத்துக்கு. உள்ளே இரண்டு கேன்கள்தான் முக்கியம். ஒன்று பிளீச், வெளுப்பதற்கு. இன்னொன்று கடைசி அலசலில் சேரும் ஆசிட். கேன் காலியாகிக் குழாய் காற்றை உறிஞ்சினால் பம்ப் கத்தும், மெஷின் நின்றுவிடும். அதனால் பழைய கேனில் கிடக்கும் அடிமிச்சத்தைப் புதுக் கேனில் கவிழ்த்துவிடுவோம். பிளீச்சை பிளீச்சோடு. ஆசிட்டை ஆசிட்டோடு. மாறக் கூடாது. மாறினால் விஷவாயு.

புதுக் கம்பெனிக்காரன் அனுப்பும் கேன் எல்லாவற்றுக்கும் ஒரே வெள்ளை மூடி. லேபிளை யார் படிப்பார்கள்? நான்தான் ஒரு வழி கண்டுபிடித்தேன். பழைய நீல மூடியைப் புது பிளீச் கேனுக்கும், பழைய சிவப்பு மூடியைப் புது ஆசிட் கேனுக்கும் மாற்றிப் போட்டுவிட வேண்டும். மாற்றியவர் ஒரு சீட்டில் நேரமும் கையெழுத்தும் போட்டுக் கைப்பிடியில் கட்ட வேண்டும். மூன்று மாதமாக ஒரு தவறு இல்லை.

அந்த வாரம் மூடி மாற்றுவது சோடாபுட்டியின் முறை. அவள் கண்ணாடியின் தடிப்புக்கு அந்தப் பெயர் போதாது. பிளீச் கேனில் சிவப்பு மூடி இருந்தது. நான் நம்பி ஆசிட்டின் அடிமிச்சத்தைக் கவிழ்த்தேன். மஞ்சளும் பச்சையுமாகப் புகை பொங்கிக்கொண்டு வந்தது. இரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். சீட்டும் இல்லை, கையெழுத்தும் இல்லை. அவளை விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். இருக்கட்டும்.

எக்ஸ்ரே சுத்தமாம். தொண்டை மட்டும்தானாம். டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். சிரிப்பு டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டேன்.

மார்ச் 5, புதன்

நம் வீட்டுக்கு முப்பத்தாறு படி. இன்று பன்னிரண்டாவது படியில் நின்றுவிட்டேன். கீழ்வீட்டு அம்மாள் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். என்ன, வேடிக்கையா?

மார்ச் 7, வெள்ளி

அக்கா போன் பண்ணினாள். நான் பேசக் கூடாது என்பது அவளுக்கு ரொம்ப வசதியாகப் போய்விட்டது. நாற்பது நிமிடம் அவளே பேசினாள். இந்த வயதில் பெண்களுக்கு மூச்சு வாங்கத்தான் செய்யுமாம். அவளுடைய நாத்தனாருக்கும் இப்படித்தான் வந்ததாம், நடக்க ஆரம்பித்ததும் போய்விட்டதாம். கடைசியில், “உனக்கு எப்பவுமே எல்லாம் கொஞ்சம் அதிகமாத்தான் வரும்” என்றாள்.

சின்ன வயதில் கை உடைந்தபோதும் இதையேதான் சொன்னாள். மூன்று நாள் கழித்து மாவுக்கட்டு போட்டார்கள்.

மார்ச் 10, திங்கள்

சிரிப்பு டாக்டரிடம் இரண்டாவது முறை. பேசலாம் என்று அனுமதி கிடைத்தது. பேசினால்தான் தெரிகிறது, குரலே இல்லை. யாரோ பக்கத்து அறையில் துடைப்பத்தை இழுப்பது மாதிரி ஒரு சத்தம் வருகிறது. இதைக் கேட்டா லாண்டரியில் பதினெட்டுப் பேர் பயப்படப்போகிறார்கள்?

படி ஏற முடியவில்லை, குனிந்தால் நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்குகிறார்கள், அகர்பத்தி வாசனைக்குக்கூட இருமல் வருகிறது என்று சொன்னேன். எல்லாவற்றுக்கும் சிரித்தார். குழாயை முதுகில் இரண்டு இடத்தில் வைத்தார். இரண்டே இடம், எண்ணினேன்.

“பயந்திருக்கீங்கம்மா. பயந்த உடம்பு இப்படித்தான் பண்ணும். ரெண்டு நிமிஷப் புகையில நுரையீரலுக்கு ஒண்ணும் ஆகாது. ரெண்டு நிமிஷம்னு நீங்கதானே சொன்னீங்க?”

தலையாட்டினேன்.

பதற்றத்துக்கு ஒரு மாத்திரை. பதினேழாம் தேதி முதல் வேலைக்குத் தகுதி என்று ஒரு சான்றிதழ். வேறு சோதனை ஏதாவது உண்டா என்று கேட்டதற்கு, தேவையே இல்லை, நல்லாத் தூங்குங்க என்றார். தூங்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேனாக்கும்.

மார்ச் 11, செவ்வாய்

வேறு டாக்டரைப் பார்க்கப்போகிறேன் என்று சொன்னேன். வீட்டுக்காரர் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. “ஒருத்தர் பாத்துட்டார்ல” என்றார்.

அவர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். நாள் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து “மெதுவா, மெதுவா” என்று சொல்லியே வீட்டிலும் அது மட்டும்தான் வாயில் வருகிறது. கம்பெனி டாக்டரை மீறிப் போனால் கம்பெனி என்ன நினைக்கும், அவசரப்படாதே, மெதுவாக யோசி. அந்தக் காரில் இவர் காலடியில் இரண்டாவதாக ஒரு பிரேக் இருக்கிறது. எனக்கு யார் வைத்திருக்கிறார்கள்?

கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். துடைப்பச் சத்தம்தான் வந்தது. சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாட்டைப் பார்த்தேன். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன், அவர் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை.

மார்ச் 13, வியாழன்

சூப்பர்வைசர் வீட்டுக்கே வந்தார். பழங்கள் வாங்கி வந்திருந்தார், அழுகல் இரண்டு. உடம்பை விசாரித்த கையோடு பையிலிருந்து தாளை எடுத்தார். அன்று மூடி மாற்றியது சோடாபுட்டி, சீட்டுக் கட்டாமல் விட்டதும் அவளே என்று நான் சொன்னதாக நாலு வரி. கையெழுத்து வந்துவிட்டால் விசாரணை முடிந்ததாம். அவளை எடுத்துவிட்டு வேறு ஆளைப் போட்டுக்கொள்வார்களாம். “உங்களுக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி” என்றார்.

அவர் பேனாவே நன்றாக எழுதியது. போட்டுக் கொடுத்தேன்.

மார்ச் 14, வெள்ளி

சோடாபுட்டி போன் பண்ணினாள். எடுத்திருக்கக் கூடாது.

அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். “அக்கா, நான் அன்னிக்கு வந்ததே ஒன்பதே காலுக்கு. வரும்போதே மூடி மாத்தியாச்சு. சிவப்பு மூடிய நான் தொடவே இல்ல. உங்கள நான்தான் வெளிய இழுத்துப் போட்டேன். ஒரே ஒரு தடவ யோசிச்சுப் பாருங்க.”

வைத்துவிட்டேன்.

யோசிக்கவாம். இவள் எனக்கு யோசிக்கச் சொல்லித் தருகிறாள். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் சிவப்புத் துண்டை வெள்ளை விரிப்போடு போட்டு நூற்றிருபது விரிப்பை ரோஜா நிறமாக்கியவள். அன்று அவளுக்காகப் பேசியது யார்? நான். நன்றி கெட்ட கழுதை. ஒன்பதே காலுக்கு வந்தது யார் தப்பு? எட்டரைக்கு வந்து அவள் வேலையை அவளே செய்திருந்தால்

மார்ச் 17, திங்கள்

வேலைக்குப் போனேன். நாற்பது நிமிடம் தாக்குப்பிடித்தேன்.

முதல் வாஷர் கதவைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. பதினான்கு வருடமாக மூக்கு கண்டுகொள்ளாத வாசனை. நெஞ்சு அப்படியே பூட்டிக்கொண்டது. உள்ளே போகிறது, வெளியே வர மாட்டேன் என்கிறது. துணி வண்டியைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்து, லாரி நிற்கும் மேடையில் உட்கார்ந்தேன். விசில் மாதிரி ஒரு சத்தம் கேட்டது. யாரடா வேலை நேரத்தில் விசில் அடிக்கிறது என்று திரும்பிப் பார்த்தேன். என் நெஞ்சுதான்.

சூப்பர்வைசர் சிரிப்பு டாக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். தண்ணி குடுங்க, பதற்றம்தான், கொஞ்ச நேரத்தில சரியாயிடும். பின்னால் யாரோ, “நல்லா நடிக்கிது” என்று சொன்னது காதில் விழுந்தது. மடிக்கும் பகுதி ஆள். முகத்தைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

போதும். நாளைக்கே போகிறேன். இவரும் வேண்டாம், இவர் பிரேக்கும் வேண்டாம். எக்ஸ்ரே படத்தை எடுத்துப் பையில் வைத்துவிட்டேன். எனக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு தாளில் எழுதி வாங்கி, அதை சிரிப்பு டாக்டர் பல்லுக்கு முன்னால் ஆட்டிக் காட்டாமல் விடப்போவதில்லை.

மார்ச் 18, செவ்வாய்

இரண்டு பஸ் மாறி பெரிய ஆஸ்பத்திரி. நுரையீரல் பிரிவு நாலாவது மாடி. லிஃப்ட் பழுது. நுரையீரல்காரர்களை நாலாவது மாடியில் வைத்தவன் கையில் கிடைத்தால் அவனை ஒரு கை பார்ப்பேன். மாடிக்கு மாடி உட்கார்ந்து ஏறினேன்.

மூன்று மணி நேரம் காத்திருந்த பிறகு, ஒரு ஒல்லிக்குச்சி பெண் டாக்டர். முகத்தைப் பார்க்கவே இல்லை. உட்காரச் சொல்லவும் இல்லை, உட்கார்ந்ததற்குக் கோபப்படவும் இல்லை. சிடுமூஞ்சி. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துவிட்டு, “இதுல தெரியாது” என்று மேசையில் போட்டார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் காலில் விழுந்திருப்பேன். ஆனால் அடுத்த நிமிடமே, இருமாதீங்க, நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க என்றார். சரிதான்.

முதுகில் பத்துப் பன்னிரண்டு இடத்தில் வைத்துக் கேட்டார். பிறகு ஊதுகிற சோதனை. ஒரு குழாயை வாயில் கவ்விக்கொண்டு ஊத வேண்டும். அந்த அறையில் இருந்தவர் “ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, விடாதீங்க, இன்னும் இன்னும் இன்னும்” என்று போட்ட கூச்சல், என் நல்ல காலத்தில் நான் போட்ட கூச்சலைவிட அதிகம். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. கண் இருட்டிக்கொண்டு வரும்வரை ஊதினேன். மருந்து ஒன்றை இழுக்கவைத்து மறுபடியும் ஊதச் சொன்னார்கள். அப்புறம் ஸ்கேன்.

எல்லாம் முடிந்து மறுபடி சிடுமூஞ்சி முன்னால். என்ன வாயு, அறை எவ்வளவு பெரிசு, கதவு திறந்திருந்ததா, என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார்.

“எவ்வளவு நேரம் உள்ள இருந்தீங்க?”

“ரெண்டு நிமிஷம்.”

எழுதினார். அப்போதுதான் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். திங்கட்கிழமை வரச் சொன்னார்.

மார்ச் 20, வியாழன்

வீட்டுக்காரர் என் வேலைப் பையைத் துவைக்க எடுத்திருக்கிறார். யார் கேட்டது? ஒரு துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். பழுப்புத் துண்டு. நடுவில் முகம் அளவுக்கு வெளுத்துப்போய் வெள்ளையாக இருக்கிறது. காய்ந்து மொடமொடவென்று.

“இது எப்படி இப்படி ஆச்சு?”

கறையைப் பற்றி எனக்கே கேள்வி. லாண்டரியில் துண்டு வெளுக்காமல் வேறு எங்கே வெளுக்கும் என்று கேட்டேன். அதை மடித்து அலமாரியில் வைத்தார். தூக்கி எறிய வேண்டியதுதானே? எதற்கு மடித்து வைக்கிறார்?

மார்ச் 21, வெள்ளி

இரண்டு நிமிடம். இரண்டு நிமிடம்தான். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 24, திங்கள்

சரியாக ஒரு மாதம்.

வீட்டுக்காரர் கூப்பிடாமலே கூட வந்தார். நாலு மாடியும் எனக்குப் பின்னால் ஒரு படி விட்டு ஏறினார். “மெதுவா” என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. டாக்டர் அறைக்குள் மட்டும் வராதீர்கள் என்றேன்.

சிடுமூஞ்சி தாள்களைப் பரப்பி வைத்திருந்தார். உங்களுக்கு மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கிறது, நிஜம்தான், பதற்றம் இல்லை என்றார். எழுந்து நின்று கைதட்டலாம் போலிருந்தது. ஆனால் அவர் முடிக்கவில்லை.

“ஆனா நீங்க சொல்ற கணக்குக்கு இது ஒத்து வரல. கதவு திறந்திருந்த ரூம், ரெண்டு நிமிஷம், உடனே வெளிய வந்துட்டீங்க. அதுக்கு இவ்வளவு சேதம் ஆகாது. அப்படின்னா உங்களுக்கு ரொம்ப நாளாவே ஆஸ்துமா இருந்து, தெரியாம இருந்திருக்கீங்கன்னுதான் நான் எழுதணும். வைத்தியமும் அதுக்குத்தான் பண்ணணும்.”

எனக்கு ஆஸ்துமா கிடையாது, ஒரு மாதம் முன்னால் வரை இரண்டு கையிலும் ஈர விரிப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன் என்று கத்தினேன். துடைப்பச் சத்தம். புகையால்தான் என்று எழுதுங்கள் என்றேன். அவர் பேனாவை மூடி கீழே வைத்தார்.

“நான் போலீஸ் இல்ல. எனக்கு நேரம் மட்டும்தான் வேணும். எவ்வளவு நேரம்?”

 வெளியே அடுத்த ஆள் கதவைத் தட்டினார்.

“பத்து நிமிஷம் இருக்கும். பன்னண்டுகூட இருக்கும்” என்று சொன்னேன். “ரெண்டு தடவை உள்ள போனேன்.”

அவர் இரண்டை அடித்துவிட்டுப் பன்னிரண்டு என்று எழுதினார். அவ்வளவுதான். ஒரு முகச்சுளிப்புகூட இல்லை. ஏன் மறுபடி போனீர்கள் என்று கேட்டிருந்தாலாவது அவரோடு சண்டை போட்டிருப்பேன்.

இங்கே எழுதுகிறேன். இந்த நோட்டிலும் இதுவரை பொய்தான் எழுதியிருக்கிறேன். எனக்கு நானே. யார் படிக்கப்போகிறார்கள் என்று?

மூடி மாற்றியது நான். சோடாபுட்டி வர நேரமாகிவிட்டது, பம்ப் கத்தப்போகிறது என்று நானே செய்தேன். நீலமும் சிவப்பும் ஏப்ரன் பையில் இருந்தன. அக்கா போனில். அம்மாவின் வீட்டுச் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்று சண்டை. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே மூடியைத் திருகினேன். சீட்டில் நேரம் எழுதி, கையெழுத்துப் போட்டு, கைப்பிடியில் இரட்டை முடிச்சுப் போட்டேன். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன், மூடியைத் தவிர.

பத்து மணிக்குக் கவிழ்த்ததும் பொங்கியது. நான் கல் மாதிரி நின்றேன். சோடாபுட்டிதான் ஓடி வந்து ஏப்ரனின் முடிச்சைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டாள். அதுதான் அந்த இரண்டு நிமிடம். அது நிஜம். அவள் சூப்பர்வைசரைக் கூப்பிட ஓடினாள். எனக்கு அப்போது ஒன்றே ஒன்றுதான் ஓடியது — சீட்டு. என் கையெழுத்து. பதினான்கு வருடமாக மற்றவர்கள் தப்பை நோட்டில் எழுதுகிறவள் நான். என் பேரை அவர்கள் அந்தக் கேனில் பார்க்கக் கூடாது.

துண்டை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு உள்ளே போனேன். முடிச்சு அவிழவில்லை. கண்ணைத் திறக்க முடியவில்லை. கையுறை வழுக்கியது. நானே போட்ட இரட்டை முடிச்சு. ‘ஒற்றை முடிச்சுப் போட்டால் சீட்டு விழுந்துவிடும், இரட்டையாகப் போடுங்கள்’ என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள் நான். பல்லால் கடித்து அறுத்தேன்.

ஓய்வறையில் போய் சீட்டைப் பிரித்துப் பார்த்தேன். பொங்கி வழிந்த பிளீச்சில் நனைந்து வெறும் வெள்ளையாக இருந்தது. நேரம் இல்லை, கையெழுத்து இல்லை, ஒரு எழுத்து இல்லை. நான் போகாமல் இருந்திருந்தாலும் யாரும் எதையும் படித்திருக்க முடியாது. பதினான்கு வருடம் பிளீச்சோடு குப்பை கொட்டியவளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

சிடுமூஞ்சி கடைசியில் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். புகைதான் காரணம். சின்னக் குழாய்களில் புண் ஆறி வடுவாகியிருக்கிறது. தினமும் இரண்டு வேளை மருந்தை இழுக்க வேண்டும். ஒரு வருடத்தில் கொஞ்சம் தேறலாம், தேறாமலும் போகலாம், முழுசாகப் பழைய மாதிரி ஆகாது. ஆரம்பத்திலேயே சரியாகச் சொல்லி மருந்து ஆரம்பித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். குரல் தெரியாது. அந்த அறைக்குள் இனி கால் வைக்கக் கூடாது. இதெல்லாம் கையெழுத்தோடு, முத்திரையோடு, ஒரே தாளில்.

நான் சொன்னது சரி என்று எழுதி வாங்கிவிட்டேன். ஜெயித்துவிட்டேன். இதை வைத்துக்கொண்டு யார் பல்லுக்கு முன்னால் ஆட்டுவது?

பஸ்ஸில் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார்.

“துண்டப் பாத்தப்பவே தெரியும். நீயா சொல்லுவேன்னு இருந்தேன்.”

தெரிந்தே நாலு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார். மனுஷனா இவர்? இந்த வீட்டில் பேசக் கூடாது என்று டாக்டர் சொன்னது எனக்கா, அவருக்கா?

மார்ச் 25, செவ்வாய்

முதல் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். வேண்டாம். கிழித்தது போதும்.

மார்ச் 27, வியாழன்

சூப்பர்வைசர் மேசைமேல் இரண்டு தாள் வைத்தேன். ஒன்று டாக்டர் கொடுத்தது. இன்னொன்று நான் எழுதியது. மூடி மாற்றியது நான், சீட்டை எடுத்தது நான், பதின்மூன்றாம் தேதி கையெழுத்துப் போட்டது பொய், சோடாபுட்டிக்கு இதில் சம்பந்தமே இல்லை என்று.

படித்தார். முகம் சிவந்தது. பதினெட்டுப் பேர் காது குளிரக் கேட்கட்டும் என்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டே கத்தினார். இத்தனை வருஷம் மத்தவங்க கண்ணுல விரல விட்டு ஆட்டுனீங்களே என்றார்.  பிறகு கடைசி வரிக்கு வந்தார். ஆறு மாதமாக விசிறி ஓடவில்லை என்று நான் மூன்று தடவை எழுதிக் கொடுத்த தேதிகளை அதில் போட்டிருந்தேன். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து மெதுவாகப் பேச ஆரம்பித்தார்.

முடிவு: பொறுப்பு போய்விட்டது. மடிக்கும் பகுதிக்கு மாற்றம். அவளைத் திரும்பக் கூப்பிடுவார்கள்.

வெளியே சிரிப்பு டாக்டர் யாருக்கோ ரத்த அழுத்தம் பார்க்க வந்திருந்தார். தாளைக் காட்டினேன். படித்துவிட்டு, சிரித்துக்கொண்டே, “ரெண்டு நிமிஷம்னு நீங்கதானேம்மா சொன்னீங்க” என்றார். ஊத வைத்துப் பார்த்திருக்கலாமே என்று கேட்டேன். பார்த்திருக்கலாம் என்றார், அதையும் சிரித்துக்கொண்டே. ஒரு மாதம் என்னைப் பைத்தியக்காரி என்று சொன்னவர் இவர். சொல்ல வைத்தவள் நான். இவரை முழுசாகத் திட்டக்கூட முடியாமல் போய்விட்டது.

மார்ச் 28, வெள்ளி

சோடாபுட்டி வீட்டுக்குப் போனேன். இரண்டாவது மாடி. பாதியில் உட்கார்ந்து மருந்தை இழுத்துவிட்டு ஏறினேன்.

கதவை முழுசாகத் திறக்கவில்லை. சூப்பர்வைசர் போனில் எல்லாம் சொல்லிவிட்டாராம். மன்னிச்சிரு என்று சொல்ல வந்தேன், இருமல்தான் வந்தது. முடியும்வரை அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. நானாக இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

“நான் இழுத்துப் போட்ட எடத்துலயே நீங்க இருந்திருந்தா உங்களுக்கும் ஒண்ணும் ஆகியிருக்காது, எனக்கும் ஒண்ணும் ஆகியிருக்காது” என்றாள்.

கதவைச் சாத்திக்கொண்டாள். அறைந்து சாத்தியிருக்கலாம். சத்தமே இல்லாமல் சாத்தினாள்.

ஏப்ரல் 1, செவ்வாய்

முப்பத்தாறு படியில் பத்தொன்பது. அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். “நான் போன் பண்ணதாலதான்னு சொல்றியா?” என்று சண்டைக்கு வந்தாள். இல்லை என்று சொல்லவே அரை மணி நேரம் ஆனது.

ஏப்ரல் 7, திங்கள்

மடிக்கும் பகுதியில் முதல் நாள். விரிப்பை நாலாக மடித்து, மடிப்பு முன்னால் தெரிய அடுக்க வேண்டும். என்னை நடிக்கிறாள் என்று சொன்னவள்தான் எனக்கு மடிக்கக் கற்றுக்கொடுத்தாள். அவள் மடிப்பு கோணல். சொல்லவில்லை.

வாஷர் பக்கம் சோடாபுட்டி. இப்போது அவள்தான் அங்கே பொறுப்பு. விசிறி ஓடுகிற சத்தம் இங்கேவரை கேட்கிறது. பழைய நீல மூடியையும் சிவப்பு மூடியையும் குப்பையில் போட்டுவிட்டாள். எல்லாக் கேனிலும் பெரிய எழுத்தில் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறாள். காலையிலிருந்து என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. நானும் கூப்பிடவில்லை.

பத்து மணிக்குப் பம்ப் கத்தியது. பதினான்கு வருடப் பழக்கம், விரிப்பைப் போட்டுவிட்டு எழுந்து அந்தக் கதவுப் பக்கம் நாலு அடி வைத்துவிட்டேன். அவள் திரும்பவே இல்லை. பின்னால் கையை மட்டும் நீட்டி, உள்ளங்கையைக் காட்டினாள். நில் என்று.

நின்றேன். அவள் முகமூடியை மாட்டிக்கொண்டு தனியாக உள்ளே போனாள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றிருந்தேன். ஒன்றரை நிமிடத்தில் வெளியே வந்தாள். அதற்குப் பிறகுதான் போய் உட்கார்ந்து மீதி விரிப்பை மடித்தேன்.